பூட்டுக்காரர் வீட்டு டப்பா

தெருவில் எல்லோரும் அதை டப்பா என்றார்கள். பூட்டுக்காரர் மட்டும்தான் டிரெய்லர் என்பார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய், போகிற இடத்தில் நிறுத்திப் படுத்துத் தூங்குகிற குட்டி வண்டி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். நிற்பதென்றால் ஒருவர்தான், இரண்டாவது ஆள் நிற்க வேண்டுமானால் முதல் ஆள் வெளியே போக வேண்டும். பின்பக்கப் பலகையைத் தூக்கினால் ஒரு அடுப்பு, பக்கத்துக்கு ஒரு ஜன்னல். கூரையின் ஒரு மூலை மழை பெய்தால் ஒழுகும், பெய்யாவிட்டால் ஒழுகாது. இதை எந்தத் திருடன் வந்து தூக்கப்போகிறான் என்று நீங்கள் கேட்பீர்கள். தெருவே கேட்டது. ஆனால் பூட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். உட்காரவைத்து விளக்குவார், கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்.

கடைவீதியில் இரண்டு செருப்புக் கடைகளுக்கு நடுவில், ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலத்தில் அவர் கடை. பூட்டு விற்பார், சாவி வெட்டுவார், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்குப் போய்த் திறந்துகொடுப்பார். தொழிலில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பூட்டாக இருந்தாலும், சாவி இல்லாமல் தானே ஒருமுறை திறக்க முயன்று பார்க்காமல் யார் கையிலும் கொடுக்கமாட்டார். "நான் தோத்தாத்தான் அது பூட்டு" என்பார். கடை திறந்த நாளிலிருந்து ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அதனால், தான் விற்ற எந்தப் பூட்டின்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. வாங்கியவர்களுக்கு இருந்தது, கடை ஓடியது.

இதற்கு மேல் ஒரு வேன் கதையும் இருந்தது. டப்பா வருவதற்கு முன்பு கடைக்கென்று ஒரு வேன் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் 'எங்களை மீறி எவனும் நுழைய முடியாது' என்று எழுதியிருக்கும். ஒருநாள் ஒரு பல் டாக்டர் தன் கிளினிக் கதவு சாத்திக்கொண்டு வெளியே நின்றார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நோயாளியும் நின்றார். இவர் போய், கொட்டாவி விடுகிற நேரத்தில் கதவைத் திறந்துவிட்டார். பெருமையாகத் திரும்பிப் பார்த்தால் வேனைக் காணோம். போலீஸ் ஸ்டேஷனில் வேனின் பக்கவாட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார்கள். சொன்னார். உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்கள்.

வேன் கிடைக்கவே இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஊரிலுள்ள பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷரால் ஊர் வாய்க்கு ஒரு பூட்டுப் போட முடியவில்லை. "என்னண்ணே, வேன் வந்துச்சா?" என்று காலையில் இடது பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் கேட்பார். மாலையில் வலது பக்கத்துக்காரர் கேட்பார். இரண்டு பேருக்கும் ஆகாது, வியாபாரப் போட்டி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முறை வைத்துக்கொண்டார்கள்.

சாவி வேனிலேயே இருந்தது. கொஞ்ச நேர வேலைதானே என்று விட்டுவிட்டுப் போயிருந்தார். அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும். அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

மனைவிக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை. வருஷம் முழுக்க ஒரே தடம், அதே நிறுத்தங்கள், முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகளின் கூச்சல். "ஸ்டாப்பே இல்லாத ரோட்டுல ஒரு தடவையாவது போகணுங்க" என்பாள். அதற்காக அவள் ஆசைப்பட்டு வாங்கியதுதான் டப்பா. கடலோரமாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், காலையில் கதவைத் திறந்தால் எதிரே தண்ணீர் தெரிய வேண்டும், பக்கத்தில் இவர் குறட்டை விட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

வண்டி வாசலுக்கு வந்த அன்றே பூட்டுக்காரருக்குத் தூக்கம் போயிற்று. வேன் போனது போதாதா, இதுவும் போனால் கடைவீதியில் தலை காட்ட முடியுமா? முதலில் சக்கரத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு இரும்புக் கவ்வி போட்டார். பிறகு வீட்டுச் சுவரில் வளையம் அடித்து, வண்டியின் அச்சோடு சேர்த்துச் சங்கிலி மாட்டினார். பிறகு யாராவது தொட்டால் அலறுகிற கருவி ஒன்று. அது பூனைக்கு அலறியது, காற்றுக்கு அலறியது, எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரர் தும்மினாலும் அலறியது. திருடன் வராததால் அவனுக்கு அலறுமா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. தெருவே திரண்டு வந்து கேட்டுக்கொண்டதன்பேரில் அதை மட்டும் கழற்றினார்.

கவ்விக்கும் சங்கிலிக்கும் இரண்டிரண்டு சாவி. ஒரு ஜோடியை மனைவியிடம் கொடுத்தார்.

"எனக்கு எதுக்குங்க?"

"நீ வீட்டு ஆளாச்சே. வீட்டு ஆளுக்கு ஒளிச்சா பூட்டறது?"

பெரிய பூட்டு அதற்குப் பிறகு வந்தது. அதை அவர் கடையில் வாங்கவில்லை, தானே செய்தார். டிரெய்லருக்கு முன்னால் இரும்பில் ஒரு கழுத்து நீளும். கழுத்தின் நுனியில் கப்ளிங் என்கிற ஒரு வாய் இருக்கும். காரின் பின்னாலிருக்கும் இரும்பு உருண்டையை அந்த வாய் கவ்வினால் வண்டி நகரும், கவ்வாவிட்டால் நகராது. அந்த வாய்க்குள் நிறைந்து உட்காருகிற மாதிரி ஒரு பூட்டு. அறுக்க வந்தால் அறுக்கிற பிளேடுதான் தேயும், அப்படிப்பட்ட எஃகு. அதற்கு ஒரே ஒரு சாவி, அதுவும் அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. "சாவி ரெண்டாச்சுன்னா பூட்டு பாதியாச்சு" என்றார்.

"கடலுக்கு எப்பங்க போறது?" என்றாள் மனைவி.

அங்கேதான் சிக்கல். வருஷா வருஷம் பள்ளிக்கூட விடுமுறை தொடங்குகிற வாரம்தான் பூட்டுத் தொழில் செய்கிறவர்களின் மாநாடும் வரும், வேறு ஊரில். ரயிலில் போவார். "வந்ததும் கெளம்பிடலாம்மா, எண்ணி ஒரு வாரம்" என்பார். சொன்னபடி வருவார். ஆனால் மாநாட்டில் எவனோ காட்டிய ஒரு புதுத் திருட்டு உத்தி மண்டைக்குள் குடைந்துகொண்டே வரும். வந்ததும் பெரிய பூட்டைப் பிரிப்பார். பூட்டு மேஜைமேல் துண்டு துண்டாகக் கிடக்கும், பாதுகாப்பில்லாத வண்டியை எப்படி வெளியே எடுப்பது என்பார், விடுமுறை கழிந்துபோகும். அவள் மறுபடி பஸ் ஓட்டப் போவாள்.

மாநாட்டில் அவருக்கு ஏக மரியாதை. மேடையில் டப்பாவின் படத்தைச் சுவரளவு பெரிதாகப் போட்டுப் பேசுவார். "வாங்கின நாள்லேர்ந்து இந்த வண்டி ஒரு அங்குலம் நகர்ந்ததில்ல" என்பார். எழுந்து நின்று கைதட்டுவார்கள். உடனே மனைவிக்கு போன் போட்டுச் சொல்வார்.

போன வருஷம் அப்படிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு ஊர் வந்து படுத்தபோது தலையணையில் நறநறவென்றது. தடவிப் பார்த்தார். மணல். அண்ணாந்து பார்த்தார்.

"கூரைப் பூச்சு உதிருதும்மா."

"உதிராம என்ன பண்ணும். பழைய வீடுதானே" என்றாள் அவள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி.

மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டார். அவர் ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கே சார்" என்றார். "நல்லா பாருங்க" என்றார் இவர். கொத்தனாருக்கும் வயிறு இருக்கிறதல்லவா, நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு முழுக் கூரையையும் கொத்திப் பெயர்த்துப் புதிதாகப் பூசிக் கொடுத்தார். அதற்கப்புறம் தலையணையில் மணல் விழவில்லை. "பாத்தியா?" என்றார் மனைவியிடம். பார்த்தேன் என்றாள்.

இந்த வருஷம் விடுமுறைக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மாலை, அவள் பஸ் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்திலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"அடுத்த வருஷத்துலேர்ந்து என்னை டிப்போவுக்கு மாத்தறாங்க. மேற்பார்வை."

"நல்ல சேதிதானே!"

"பள்ளிக்கூடம் லீவு விட்டாத்தான் டிப்போல வேலை. பஸ் பூரா ரிப்பேருக்கு நிக்கும். இனிமே எனக்கு இந்த லீவு கெடயாது. இதான் கடைசி."

அவர் ஆணியில் தொங்கிய பஸ் சாவியைப் பார்த்தார்.

"அக்கா டப்பாவைக் கேக்கறா. இந்த லீவுல நாம போகலைன்னா குடுத்துடப்போறேன். வாசல்ல நிக்கவெச்சு அழகு பாக்க என்னால முடியல." குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகள் எத்தனை கத்தினாலும் குரலை உயர்த்தாமல் பஸ் ஓட்டுகிறவள் அவள். "எனக்கு உங்களோட போகணுங்க. வேற ஒண்ணுமில்ல."

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளே மாநாட்டுக்காரர்களுக்கு போன் போட்டு இந்த வருஷம் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பெண்டாட்டியோடு கடலுக்குப் போகிறேன் என்றார். மறுபடி உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் நம் கதை நேராகக் கடலுக்குப் போயிருக்கும். இடையில் கண்ணாடிக்காரர் வந்தார். எதிர்வீட்டுக்காரர், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். டீக்கடையில் பார்த்தபோது, "இந்த லீவுலயும் டப்பாவை எடுத்துட்டுக் கெளம்பியாச்சா?" என்றார்.

"இந்த லீவுலதான் கெளம்பறோம். இதுக்கு முன்னாடி எங்க போனோம்?"

"போன லீவுல வாசல் வெறிச்சுன்னு கெடந்துச்சே?"

"நான் மாநாட்டுக்குப் போயிருந்தேன் சார். வண்டி அங்கயேதான் நின்னுச்சு."

"அப்படியா? நிக்காத மாதிரில்ல இருந்துச்சு" என்று கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கறவருக்கே கண் தெரியல!" அவளும் சிரித்தாள். பாவம், வயசாகிறதல்லவா என்றாள். இரண்டு நாள் கழித்துக் கண்ணாடிக்காரர் கடைக்குப் போய், தேவையே இல்லாத ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தாள். ஏன் என்று இவர் கேட்கவில்லை. இவர் கேட்காமல் விட்ட கேள்விகளைக் கோர்த்தால் ஒரு மாலையே கட்டலாம்.

ஆனாலும் மனசுக்குள் ஒரு முள். கண் தெரியாதவர் சொன்னதுதான், இருந்தாலும் வண்டி இல்லாத மாதிரி தெரிந்தது என்கிறாரே. கடற்கரையில் முன்பின் தெரியாதவர்கள் நடமாடுவார்களே. அதனால் பெரிய பூட்டைக் கடைசியாக ஒருமுறை பிரித்து, உள்ளே ஒரு ஊசி வைத்தார். சாவியில்லாமல் யாராவது கம்பி விட்டு நோண்டினால் ஊசி விழுந்துவிடும். விழுந்தால் விழுந்ததுதான். அதற்கப்புறம் சாவி போட்டாலும் திறக்காது, சாமியே வந்தாலும் திறக்காது.

"உங்களாலயும் திறக்க முடியாதா?" என்றாள் மனைவி.

"முடியாது."

"அப்ப நீங்க நோண்டினா?"

"நான் எதுக்கும்மா நோண்டப்போறேன்? கழுத்துல சாவி இருக்கு!"

"சும்மா கேட்டேன்" என்றாள்.

கிளம்புகிற நாள் காலை. வெயில் இதமாக இருந்தது. காரைப் பின்னால் எடுத்து, டப்பாவின் கழுத்துக்கு நேராக நிறுத்தியாயிற்று. சக்கரக் கவ்வியைக் கழற்றினார், சங்கிலியைக் கழற்றினார். மனைவி உள்ளே பிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் முணுமுணுத்து அவர் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கழுத்திலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பெரிய பூட்டின் முன்னால் குந்தினார்.

குந்தியவருக்கு ஒரு யோசனை வந்தது. ஊசி வைத்தோம், சரி. அது விழுமா? நாம் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லையே. சோதிக்காத பூட்டை ஒரு வாடிக்கையாளருக்குக்கூடக் கொடுத்ததில்லை, சோதிக்காத பூட்டை நம்பியா சொந்தப் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு போவது? நீங்களும் நானுமாக இருந்தால் சாவியைப் போட்டுத் திறந்திருப்போம். அவர் சட்டைப் பையிலிருந்து தன் மெல்லிய கம்பியை எடுத்து உள்ளே விட்டு, திருடன் நோண்டுவது போலவே, மனசாரத் திருடனாகி, நோண்டினார்.

உள்ளே டிக் என்றது.

ஊசி வேலை செய்தது. ஒரு கணம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கணம் சாவியைப் போட்டார். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி பிளாஸ்க்கும் பையுமாக வெளியே வந்தாள். "என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குத் தரையில உக்காந்திருக்கீங்க?"

"பூட்டு வேலை செய்யுது."

"நல்லதுதானே?"

"ரொம்ப நல்லா வேலை செய்யுது" என்றார்.

அவள் பூட்டைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். திட்டவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

கடைக்கு ஓடிப்போய் அறுக்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பொறி பறந்தது. ஒரு பிளேடு தேய்ந்தது. இன்னொன்று மாட்டினார், அதுவும் தேய்ந்தது. பூட்டில் விழுந்த கீறலைப் பார்த்தால் பூனை பிறாண்டியதாகத்தான் சொல்வார்கள். பிளேடு தேய்ந்துபோகிற எஃகாகத் தேடித் தேடி வாங்கியது யார்? தன் வினை தன்னைச் சுடும் என்பதெல்லாம் பழமொழி. இங்கே பொறி பறந்து சட்டையையே சுட்டது. கண்ணாடிக்காரர் எதிர்வாசலில் வந்து நின்று, "கெளம்பியாச்சா?" என்றார். பதிலுக்கு மிஷின்தான் கத்தியது. சரி, போய்ட்டு வாங்க என்று உள்ளே போய்விட்டார்.

மிஷினை நிறுத்தினார். கடை திறந்த நாளிலிருந்து முதல்முறையாகத் தோற்றுவிட்டார். நான் தோற்றால்தான் அது பூட்டு என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்! இதோ, பூட்டு. படியில் அவள் உட்கார்ந்திருந்தாள், புதுச் செருப்பு, வாரிப் பின்னிய தலை, மடியில் பிளாஸ்க். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிற பிள்ளையின் முகம் போல இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்காவுக்கே குடுத்துடும்மா" என்றார். "நான் ஒரு முட்டாப்பய. பூட்டை வெச்சுக்கிட்டு உன்னை விட்டுட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு டப்பாவின் கழுத்தைப் பார்த்தாள். எதையோ மனசுக்குள் தூக்கிப் பார்த்து எடை போடுகிறவள் மாதிரி இருந்தாள். எழுந்து உள்ளே போனாள். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் கனமான ஒரு துணிப்பை.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

கழுத்தும் வாயும் சேருகிற இடத்தில் இரண்டு போல்ட் இருந்தன. எப்போதுமே இருந்தன. அவர் வாயைப் பார்த்தார், வாய்க்குள் பூட்டைப் பார்த்தார், பூட்டுக்குள் ஊசியைப் பார்த்தார்; அந்த வாய் எதில் மாட்டியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பூட்டுக்காரன் கண்ணுக்குப் பூட்டுதானே தெரியும். அவள் ஸ்பேனரை வைத்து ஒரு சுற்று, இரண்டு சுற்று. போல்ட் கழன்றது. அடுத்ததும் கழன்றது. சாமி வந்தாலும் திறக்காத பூட்டோடு அந்த இரும்பு வாய் மொத்தமாகக் கழன்று அவள் கையில் வந்தது. அதை வாசற்படி ஓரமாக வைத்தாள். துணிப்பையிலிருந்து இன்னொரு கப்ளிங்கை எடுத்தாள். பழசு, டிப்போ மெக்கானிக் கொடுத்தது.

பூட்டுக்காரர் ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பூட்டில்தான் முட்டாள், இரும்பில் முட்டாளில்லை அவர். இத்தனை வருஷம் மழையில் நின்ற போல்ட் இப்படிக் கழலாது, கிறீச்சிட்டு உயிரை வாங்கும். இதில் கிரீஸ் தடவியிருந்தது. தலையின் விளிம்பு ஸ்பேனர் பட்டுப் பட்டுப் பளபளத்தது.

"இது இதுக்கு முன்னாடியே கழண்ட போல்ட்டு" என்றார்.

"ம்."

"எத்தன தடவ?"

"போகும்போது ரெண்டு. வந்து மாட்டினது ரெண்டு."

"எங்க போகும்போது?"

"கடலுக்கு. அக்காவும் நானும்." மாற்றுக் கப்ளிங்கைத் துளைக்கு நேராகப் பிடித்தாள். "அந்த போல்ட்டைக் குடுங்க."

கொடுத்தார். கை தானாகக் கொடுத்தது. மனசு அதற்குள் மாநாட்டு மேடைக்குப் போயிருந்தது. சுவரளவு படம். ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை. எழுந்து நின்று கைதட்டல்.

"நான் மேடையிலேர்ந்து எறங்கி உனக்கு போன் போட்டேனே? பின்னாடி ஏதோ இரைச்சல் கேட்டுச்சே? ஃபேன்னு சொன்னியே?"

"அலை" என்றாள்.

வேலியே பயிரை மேய்ந்த கதையைக் கேள்விப்பட்டிருக்கிறார். மேய்ந்துவிட்டு, திரும்ப வந்து வேலியாகவும் நின்ற கதையை இப்போதுதான் கேட்கிறார்.

"அடிப்பாவி! எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எவன் வேணா வந்து ரெண்டு போல்ட்டைக் கழட்டி இழுத்துட்டுப் போயிருக்கலாமே!"

"போயிருக்கலாம். யாரும் வரல."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நீங்க பூட்டை மாட்டின அன்னிக்கே. பஸ் ஓட்டறவ கண்ணு போல்ட்டுக்குத்தாங்க போகும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தார். வரவில்லை. "போல்ட்டுக்கு ஒரு பூட்டு செஞ்சிருப்பேன்."

"அதான்" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஊரெல்லாம் போய்ப் பெருமை பேசவிட்டு, வீட்டில் இருந்துகொண்டே காலை வாரியிருக்கிறாள். "அப்ப அப்படியே உங்க அக்கா வீட்டுலயே விட்டுட வேண்டியதுதானே? எதுக்குத் திருப்பிக் கொண்டாந்து, இதை மாட்டி, ஒண்ணுமே நடக்காத மாதிரி..."

"நீங்களா ஒருநாள் திறப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள் அவள். ஸ்பேனரை நிறுத்தவில்லை.

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. அவர் கையில் அடுத்த போல்ட் இருந்தது. அதைக் கேட்டுக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. வேறொன்று மனசில் இடறியது. புதுசாகப் பூசிய கூரை, கொத்தனார், ஏணி.

"அந்த மணல்..." என்றார். "அது என் தலையணையிலதானே இருந்துச்சு. நீ போனே, உங்க அக்கா போனா. என் தலையணையில எப்படி மணல் வந்துச்சு?"

அவள் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்பேனரைத் துணியில் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் துடைத்தாள்.

"ரெண்டு தடவையும் எடுத்துட்டுப் போனேன். பக்கத்துல வெச்சுக்க." சற்று நிறுத்தி, "அக்கா தலைக்கு வெச்சுக்கக் கேட்டா. தர முடியாதுன்னுட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவளுக்குக் கோபம்" என்றாள். அப்புறம், "குறட்டைதான் விடல அது" என்றாள்.

பூட்டுக்காரர் கையிலிருந்த போல்ட்டை அவரே துளையில் வைத்து, விரலால் திருகி ஏற்றினார். அவள் ஸ்பேனரை நீட்டினாள். இறுக்கி முடித்தார். பிறகு எழுந்து வீட்டுக்குள் போய், படுக்கையிலிருந்த இரண்டு தலையணைகளையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, டப்பாவின் கதவைத் திறந்து உள்ளே போட்டார். பக்கத்தில் பக்கத்தில் போட்டார். கழுத்துச் சாவி இன்னும் கையிலேயே இருந்தது. படி ஓரத்தில் கிடந்த கப்ளிங்கின் மேல் அதை வைத்துவிட்டார். எவனுக்காவது வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகட்டும்.

காரை அவள்தான் ஓட்டினாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. இரும்பு வாய் உருண்டையைக் கவ்விக்கொள்ள, டப்பா ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வீட்டு வாசலை விட்டு நகர்ந்தது. அவர் பின்கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். கடைவீதியைத் தாண்டும்போது செருப்புக் கடைக்காரர்கள் இரண்டு பேரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் கையைக்கூட ஆட்டினார். ஊர் எல்லை தாண்டியது, வீடுகள் குறைந்தன, ரோடு நேராக நீண்டது. வழியில் பலகையைப் பார்க்காமலே அவள் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினாள். அதையும் அவர் கவனித்தார்.

ரொம்ப தூரம் போன பிறகு அவள் கேட்டாள். "ஏங்க, வீட்டைப் பூட்டினீங்களா?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுச் சாவி பையில்தான் இருந்தது. கதவு கண்முன் வந்தது, தலையணைகளோடு வெளியே வந்தபோது முதுகால் தள்ளிய கதவு, அகலத் திறந்தபடி.

"இல்ல."

அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள், ஓரமாக ஒதுக்கினாள். வீட்டில் டிவி இருக்கிறது, பீரோ இருக்கிறது, கடைக்குப் போகாத பூட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. "திரும்பணுமா?" என்றாள்.

அவர் பின்னால் திரும்பி டப்பாவை ஒருமுறை பார்த்தார்.

"நீ போம்மா" என்றார். "தலையணை ரெண்டும் இங்கதானே இருக்கு."